உதைபந்தாட்ட ஆசான் ஸையத் அப்துல் ரஹீம்

சேர்வராயன் மலையடி தொடங்கிக் காவேரிக் கரை வரையில் விரிந்து கிடக்கும் நமது சமவெளியில், கோடை பிறந்து ஏரிகள் வற்றியதும், அவற்றின் தரையிலே சிறுவர் கூடிப் பந்து உதைத்து ஆடுவதை எவரும் கண்டிருப்பர். இரு கற்களே அவர்களுக்குக் கோல் கம்பங்கள். காலில் பூட்சு இராது; பல சமயங்களில் செருப்பும் இராது. நமது நாட்டின் தலைசிறந்த ஆட்டக்காரர்களும் ஒரு காலத்தில் இவ்விதமே வெறுங்காலுடன் ஆடினர் என்பதும், அவ்வாறே ஒலிம்பிக் களம் புகுந்து பத்துக் கோல்கள் வாங்கித் தலைகவிழ்ந்து திரும்பினர் என்பதும், இன்றைய மாணாக்கரிற் பலர் அறியாதன. அத்தோல்விக்குப் பின் நான்கே ஆண்டுகளில் நமது அணியை ஒலிம்பிக் போட்டியின் நான்காம் இடத்திற்கும், பத்தே ஆண்டுகளில் ஆசியாவின் முதலிடத்திற்கும் கொண்டு சென்றவர் ஒரு பள்ளிக்கூட உபாத்தியாயர். அவர் பெயர் ஸையத் அப்துல் ரஹீம்.

நமது கல்லூரியில் பயில்வோருள் ஒரு பகுதியினர் நாளை ஆசிரியத் தொழிலை மேற்கொள்ளப் போகின்றவர்கள். மற்றொரு பகுதியினர் மாலை ஐந்து மணி எப்பொழுது ஆகுமென்று மைதானத்தையே நோக்கியிருப்பவர்கள். இவ்விரு சாராரும் கற்கத்தக்கது இவருடைய வாழ்க்கை என்று யாம் கருதியதனாலேயே, இவ்வாண்டு மலரில் அதனைச் சுருங்க எழுதத் துணிந்தோம்.

இளமையும் கல்வியும்

ரஹீம் 1909-ஆம் ஆண்டு ஆகஸ்டு மாதம் 17-ந் தேதி ஐதராபாத் நகரில் பிறந்தார். அக்காலத்தில் ஐதராபாத் நிஜாம் மன்னரின் ஆட்சிக்குட்பட்ட தனி சமஸ்தானமாக விளங்கியது. 1918-ஆம் ஆண்டில் அங்கு நிறுவப்பெற்ற உஸ்மானியா சர்வகலாசாலை, ஆங்கிலத்தின் வாயிலாகவன்றி உருது மொழியின் வாயிலாக உயர்தரக் கல்வி புகட்டும் புதுமுயற்சியாற் பெயர் பெற்றது. அச்சர்வகலாசாலையின் கலைப் பிரிவில் ரஹீம் பயின்றார். அதன் உதைபந்தாட்ட அணியிலும் இடம் பெற்றார். அந்நாளில் அங்கிருந்த சிறந்த ஆட்டக்காரருள் ஒருவராக அவர் மதிக்கப்பட்டார். பின்னர் நகரத்துப் போட்டிகளில் பெயர் பெற்ற கமர் கிளப் என்னும் சங்கத்திற்காகவும் ஆடினார்.

தமது நாட்டின் சார்பில் அயல்நாட்டாரை எதிர்த்து ஆடும் பேறு ரஹீமுக்கு வாய்க்கவில்லை. அவருடைய ஆட்டக்காலம் கல்லூரி மைதானத்தோடும் உள்ளூர்ச் சங்கத்தோடும் முடிந்து போயிற்று. ஆயின், தாம் ஆடிய நாட்களிலேயே ஆட்டத்தை ஆராயும் வழக்கம் அவருக்கு உண்டாகிவிட்டது. பந்து ஏன் இந்த இடத்திற்கு வந்தது, வாராதிருக்க யாது செய்திருக்கலாம் என்று எண்ணிப் பார்க்கும் மனம் எல்லா ஆட்டக்காரருக்கும் அமைவதன்று. புத்தகத்தைப் படிப்பவர் பலர். அதனைப் பிறர்க்கு விளங்க உரைப்பவர் சிலர். ரஹீம் அச்சிலரைச் சேர்ந்தவர்.

படிப்பு முடிந்தபின் அவர் ஆசிரியத் தொழிலில் அமர்ந்து, ஐதராபாத் நகரத்துப் பள்ளிகள் சிலவற்றில் பாடம் சொல்லி வந்தார். தேகப் பயிற்சிக் கல்வியில் பட்டயமும் பெற்று, பள்ளிகளின் விளையாட்டுத் துறையையும் தாமே ஏற்று நடத்தினார். அவரை நாடு முழுவதும் அறிந்த பின்னரும், ஆட்டக்காரர்கள் அவரை ரஹீம் சாஹிப் என்று ஓர் உபாத்தியாயரை அழைக்கும் மரியாதையுடனேயே அழைத்து வந்தனர்.

மைதானமே வகுப்பறை

1940-களில் ரஹீம் ஐதராபாத் உதைபந்தாட்டச் சங்கத்தின் காரியதரிசியாகப் பொறுப்பேற்றார். ஐதராபாத் நகரப் போலீஸ் அணிக்குப் பயிற்சியளிக்கும் பணியும் அவரைச் சேர்ந்தது. அவர் செய்த சீர்திருத்தங்கள் பார்வைக்கு மிகச் சிறியவை. பயனில் மிகப் பெரியவை.

அக்காலத்து ஆட்டக்காரரிடம் இரு குறைகள் இருந்தன. பந்தைக் காலிலேயே வைத்துக்கொண்டு ஒருவர் இருவரை ஏமாற்றிச் சென்று, பார்ப்போரின் கைதட்டலைப் பெறுவதில் ஆசை மிகுந்திருந்தது. துணைவனுக்குப் பந்தை உரிய காலத்தில் தள்ளிவிடும் வழக்கம் குறைந்திருந்தது. இது முதற் குறை. வலக்காலால் நன்கு உதைப்பவர் இடக்காலை வெறும் ஊன்றுகோலாகவே வைத்திருந்தனர். இது இரண்டாவது குறை.

இவற்றைக் களைய ரஹீம் நீண்ட உபதேசங்கள் செய்யவில்லை. நகரத்தில் புதுவகைப் பந்தயங்களை ஏற்படுத்தினார். ஒரு பந்தயத்தில், பந்தைக் காலோடு கொண்டு சென்று எதிரியை ஏமாற்றுதல் கூடாது. வந்த பந்தை உடனே துணைவனுக்குத் தள்ளிவிட வேண்டும். மற்றொன்றில், பழக்கமில்லாத காலாலேயே பந்தை உதைத்தல் வேண்டும். விதி மாறியவுடன், ஆடுவோரின் கண்ணும் மாறிற்று. பந்தை வைத்துக்கொள்ள இயலாதவன், அது தன்னிடம் வருமுன்னரே துணைவர்கள் எங்கெங்கு நிற்கின்றனர் என்று நோக்கியாக வேண்டும். வலக்காலைப் பயன்படுத்த இயலாதவன் இடக்காலைப் பழக்கியாக வேண்டும். சொல்லிக் கொடுத்துப் பல ஆண்டுகளில் வாராத பழக்கம், விளையாட்டாகவே சில மாதங்களில் வந்து சேர்ந்தது. தரையோடு தரையாகக் குறுகிய தூரத்தில் பந்தைத் தள்ளி, ஓயாது இடம் மாறி ஆடும் முறையே ஐதராபாத் ஆட்டத்தின் இலக்கணமாயிற்று.

அவர் பயிற்சியில் வளர்ந்த போலீஸ் அணியின் புகழ் 1950-ஆம் ஆண்டில் நாடெங்கும் பரவியது. பம்பாயில் அந்நாளில் நிகழ்ந்துவந்த ரோவர்ஸ் கோப்பையை 1950 முதல் 1954 வரையில் தொடர்ந்து ஐந்து ஆண்டுகள் அவ்வணியே வென்றது. நம் நாட்டின் மிகப் பழைய பந்தயமாகிய டூராண்டு கோப்பையும் 1950-ஆம் ஆண்டில் அதற்கே கிடைத்தது. உதைபந்தாட்டம் என்றால் கல்கத்தாவே என்றிருந்த காலம் அது. மோகன் பகானும் ஈஸ்ட் பெங்காலும் கட்டியாண்ட களத்தில், தக்காணத்துப் போலீஸ்காரர் பதினொருவர் வந்து கோப்பைகளை வாரிச் சென்றது எல்லாருக்கும் வியப்பாயிருந்தது. மாகாணங்களுக்கிடையே நிகழும் சந்தோஷ் கோப்பையையும் 1956, 1957 ஆகிய இரண்டு ஆண்டுகளிலும் ஐதராபாத் வென்றது.

திறமையுள்ள ஏழைச் சிறுவரைத் தேடிக் கண்டெடுப்பதில் ரஹீமுக்கு இருந்த ஆர்வம் தனியாகச் சொல்லத்தக்கது. செகந்திராபாத்தை அடுத்த அம்முகுடா என்னும் ஊரில், தமிழ்ப் பெற்றோருக்கு 1936-இல் பிறந்த துளசிதாஸ் பலராமன் என்னும் இளைஞரின் ஆட்டத்தை அவர் கண்டார். நகரத்திற்கு வந்து பயிற்சி பெற அவ்விளைஞரிடம் வசதியில்லை. வாடகைச் சைக்கிளுக்கு வேண்டிய பணத்தை ரஹீமே கொடுத்து உதவினார். அச்சைக்கிளில் வந்து பயின்ற பலராமன் பின்னர் இரண்டு ஒலிம்பிக் போட்டிகளில் நம் நாட்டுக்காக ஆடினார். வாடகைச் சைக்கிளுக்கு ஆகும் சில அணாக்கள் ஒருவருடைய வாழ்வை எவ்வாறு மாற்றக்கூடும் என்பதை ஆசிரியத் தொழில் புரிவோர் எண்ணிப் பார்த்தல் நலம்.

வெற்றியும் பெருந்தோல்வியும்

1950-இல் ரஹீம் இந்திய அணியின் பயிற்சியாளராக நியமிக்கப்பட்டார். அடுத்த ஆண்டு மார்ச்சு மாதத்தில் ஆசிய விளையாட்டுப் போட்டி முதன்முறையாகப் புது டில்லியில் நடந்தது. சைலேன் மன்னாவின் தலைமையில் ஆடிய நமது அணி, இந்தோனேசியாவையும் ஆப்கானிஸ்தானத்தையும் தலைக்கு மூன்று கோல் கணக்கில் வென்றது. இறுதியாட்டத்தில் மேவாலால் போட்ட ஒரே கோலினால் ஈரானையும் வென்று தங்கப் பதக்கம் பெற்றது. இவ்வாட்டங்களில் ஒரு கோலும் நாம் வாங்கவில்லை. தேசமெங்கும் மகிழ்ச்சி பொங்கியது.

ஆனால் அம்மகிழ்ச்சி நீடிக்கவில்லை. 1952-ஆம் ஆண்டு ஜூலை மாதம் 15-ந் தேதி, பின்லாந்து நாட்டின் ஹெல்சிங்கி ஒலிம்பிக்கில், யூகோஸ்லாவியா நம்மைப் பத்துக்கு ஒன்று என்ற கணக்கில் தோற்கடித்தது. அகமது கான் போட்ட ஒரு கோலே நமக்கு மிச்சம். குளிர்ந்த நாட்டின் ஈரத் தரையில் நம்மவரிற் பலர் வெறுங்காலுடன் ஆடினர். 1948-இல் லண்டனில் பிரான்சை எதிர்த்து வெறுங்காலுடன் ஆடி இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் மட்டுமே தோற்றபோது, அது ஒரு வீரச் செயலாகப் போற்றப்பட்டது. அப்போற்றுதலில் மறைந்திருந்த பலவீனம் ஹெல்சிங்கியில் வெளிப்பட்டது.

இத்தகைய தோல்வி ஒருவருக்கு நேர்ந்தால், அவர் பதவியை விட்டு நீங்குவதும், பழியைக் குளிரின் மேலும் மத்தியஸ்தர் மேலும் போடுவதும் உலக வழக்கம். ரஹீம் தோற்ற அணியின் ஆசானாக வந்த இடத்தில் மாணாக்கராக அமர்ந்துவிட்டார். அவ்வொலிம்பிக்கில் தங்கம் வென்றது ஹங்கேரி. அந்நாட்டார் ஆடிய விதம் உலகத்திற்கே புதிது. நடு முன்னணி ஆட்டக்காரர் எதிரியின் கோலை ஒட்டி நில்லாமல் பின்வாங்கி நின்று, பந்தை வாங்கிப் பிறருக்கு வழங்குவார். அவரைக் காக்க வேண்டிய எதிரணிக் காப்பாளர், அவரைப் பின்தொடர்வதா, தம் இடத்திலேயே நிற்பதா என்று திகைப்பார். அத்திகைப்பில் உண்டாகும் வெற்றிடத்திற் பிறர் புகுந்து கோல் போடுவர். ரஹீம் இதனைக் கூர்ந்து நோக்கினார்.

இங்குச் சற்று விளக்கம் வேண்டும். உதைபந்தாட்டத்தின் பழைய முறையில் இருவர் பின்னணியிலும், மூவர் இடையிலும், ஐவர் முன்னணியிலும் நிற்பர். 1925-இல் ஆப்சைடு விதி தளர்த்தப்பட்டது. அதற்கு முன், பந்து தள்ளப்படும் நொடியில் முன்னணி ஆட்டக்காரருக்கும் கோல் கோட்டிற்கும் இடையே எதிரிகள் மூவர் இருத்தல் வேண்டும். அதன்பின் இருவர் இருந்தாற் போதும் என்றாயிற்று. கோல்கள் மலிந்தன. அதற்கு மாற்றாக, இங்கிலாந்து தேசத்தார் இடையிலிருந்த நடுவரைப் பின்னுக்கு இழுத்து மூன்றாம் காப்பாளராக நிறுத்தினர். உலகம் இவ்வாறு மாறிக் கால் நூற்றாண்டு கடந்தும், நம் நாட்டார் இரண்டு காப்பாளரையே நம்பி ஆடிவந்தனர். ஹெல்சிங்கியின் பத்துக் கோல்களுக்கு இதுவும் ஒரு காரணமாம். காலில் பூட்சு இல்லாமை கண்ணுக்குத் தெரிந்த குறை. பின்னணியில் ஆள் இல்லாமை அறிந்தவர்க்கே தெரியும் குறை.

ஹெல்சிங்கிக்குப் பின் பூட்சு அணிந்தே ஆட வேண்டுமென்று நம் நாட்டுச் சங்கத்தார் விதி செய்தனர். ரஹீம் மூன்றாம் காப்பாளரை நிறுத்தினார். பின்வாங்கி ஆடும் முன்னணியாளரைப் பழக்கினார். 1958-இல் பிரேசில் நாட்டார் உலகக் கோப்பையை வென்று புகழ்பெறச் செய்த நான்கு, இரண்டு, நான்கு என்னும் நிலைமுறையையும் பிற்காலத்தில் நம் அணிக்குக் கற்பித்தார். வெறுங்கால் ஆட்டத்திற்குப் பெருமை பேசியே பழகியவரிடையே இம்மாற்றங்களைச் செய்வது எளிதாயிருந்திராது.

மெல்போர்னும் ரோமாபுரியும்

1956-ஆம் ஆண்டு ஆஸ்திரேலியாவின் மெல்போர்ன் நகரில் ஒலிம்பிக் நடந்தது. முதற்சுற்றில் நம்மோடு ஆட வேண்டிய ஹங்கேரி, தன் நாட்டில் நேர்ந்த புரட்சியினாலும் சோவியத் படையெடுப்பினாலும் உதைபந்தாட்ட அணியை அனுப்பவில்லை. டிசம்பர் மாதம் 1-ந் தேதி நம்மவர் ஆஸ்திரேலியாவை அதன் சொந்த மண்ணிலேயே எதிர்த்தனர். நாம் முந்திக்கொள்வதும் அவர்கள் சமன் செய்வதுமாக இடைவேளைக்குள் இருமுறை நிகழ்ந்தது. முடிவில் நான்குக்கு இரண்டு என்ற கணக்கில் நாம் வென்றோம். நெவில் டிஸோஸா மூன்று கோல்களும், கிட்டு என்றழைக்கப்பெற்ற கிருஷ்ணசாமி ஒரு கோலும் போட்டனர். ஒலிம்பிக் உதைபந்தாட்டத்தின் அரையிறுதியை எட்டிய முதல் ஆசிய நாடு என்னும் பெருமை அன்று நமக்குக் கிடைத்தது.

அரையிறுதியில் எதிர்த்து வந்தது அதே யூகோஸ்லாவியா. நான்கு ஆண்டுகளுக்கு முன் பத்துக் கோல் போட்டவர்கள், இம்முறை முதற்பாதியில் ஒரு கோலும் போட இயலவில்லை. இரண்டாம் பாதியின் தொடக்கத்தில் டிஸோஸா நமக்கு முதற்கோலைப் போட்டார். பின்னர் அவர்கள் நான்கு கோல் போட்டு வென்றனர் என்பது உண்மையே. மூன்றாம் இடத்திற்கான ஆட்டத்தில் பல்கேரியாவும் நம்மை மூன்று கோல்களால் வென்றது. பதக்கம் கிட்டவில்லை, ஆயினும் பத்துக் கோல் வாங்கிய நாடு நான்காம் இடத்தில் நின்றது. ரஹீம் ஹெல்சிங்கியில் படித்த பாடம் வீணாகவில்லை.

1960-இல் ரோமாபுரியில் நடந்த ஒலிம்பிக்கில் நம் அணி கடுமையான பிரிவில் அகப்பட்டது. ஹங்கேரியிடம் இரண்டுக்கு ஒன்று என்று தோற்றோம். நமது கோலைப் போட்டவர் முன் சொன்ன பலராமன். பிரான்சோடு ஒன்றுக்கு ஒன்று என்று சமன் செய்தோம். அணித் தலைவர் பி. கே. பானர்ஜி நமக்காகக் கோல் போட்டார். ஆட்டம் முடியச் சில நிமிஷங்களே இருக்கையில் பிரான்சு சமன் செய்யாதிருந்தால் வெற்றி நமதாகியிருக்கும். பெருவிடம் மூன்றுக்கு ஒன்று என்று தோற்று ஊர் திரும்பினோம். அவ்வணியில் சைமன் சுந்தரராஜ், பீட்டர் தங்கராஜ் முதலிய தமிழ்ப் பெயர்களைக் காண்கையில் நமக்கு மகிழ்ச்சி உண்டாகின்றது. ரஹீமின் புதல்வர் ஸையத் ஷாஹித் ஹக்கீமும் அவ்வணியில் இடம் பெற்றிருந்தார். அவர் பின்னர் விமானப்படை அதிகாரியாகவும், சர்வதேச மத்தியஸ்தராகவும் விளங்கி, 2021-இல் காலமானார்.

ஜகார்த்தா

இனி ரஹீமின் வாழ்வின் இறுதிப் பகுதிக்கு வருகின்றோம். 1962-ஆம் ஆண்டு ஆசியப் போட்டி இந்தோனேசியாவின் தலைநகராகிய ஜகார்த்தாவில் நடந்தது. இந்நகரோடு நமது ஜில்லாவிற்கும் ஒரு தொடர்புண்டு. திருச்செங்கோட்டை அடுத்த குமாரமங்கலத்தில் பிறந்து, சென்னை மாகாணத்தின் முதன்மந்திரியாகவும், இந்தியக் கிரிக்கெட் சங்கத்தின் தலைவராகவும் விளங்கிய டாக்டர் சுப்பராயனே, இந்தோனேசியாவிற்கு நம் நாட்டின் முதல் தூதராகச் சென்றவர். அவர் காலத்தில் இரு நாடுகளுக்கும் இருந்த நட்பு 1962-இல் ஒரு விளையாட்டுக் காரணத்தால் குலைந்தது. அவ்வாண்டுப் போட்டிக்கு இஸ்ரேல், தைவான் ஆகிய நாடுகளின் ஆட்டக்காரர்க்கு இந்தோனேசியா அனுமதி வழங்கவில்லை. ஆசிய விளையாட்டுக் கழகத்தின் இந்தியப் பிரமுகரான சோந்தி என்பவர், இது விதிக்கு மாறானதென்று எதிர்த்தார். அதனால் சினங்கொண்ட கூட்டத்தார் நம் தூதரகத்தைத் தாக்கினர். நம் ஆட்டக்காரர்கள் எங்குச் சென்றாலும் கூச்சலும் ஏளனமுமே எதிர்கொண்டன.

இவை வெளியே இருந்த பகை. ரஹீமின் உடலுக்குள்ளே வேறொரு பகை இருந்தது. அவரைப் புற்றுநோய் பற்றியிருந்தது. இருமலும் வலியும் வருத்த, அவர் அணியோடு வந்திருந்தார்.

முதலாட்டத்தில் தென்கொரியா நம்மை இரண்டு கோல்களால் வென்றது. அடுத்து தாய்லாந்தை நான்குக்கு ஒன்று என்று வென்றோம். ஆனால் நம் காப்பாளருள் மலைபோன்ற ஜர்னைல் சிங் தலையில் அடிபட்டுத் தையல் போட்டுக்கொள்ள நேர்ந்தது. ஜப்பானை இரண்டு கோல்களால் வென்று அரையிறுதி சேர்ந்தோம்.

இவ்விடத்தில் ரஹீம் செய்த முடிவு கவனிக்கத்தக்கது. காயமுற்ற காப்பாளரை மற்றொருவராயின் ஓய்வெடுக்கச் சொல்லியிருப்பார். ஜர்னைல் சிங் மாணவப் பருவத்தில் முன்னணியில் ஆடியவர் என்பதை ரஹீம் நினைவிற் கொண்டு, தலைக்கட்டுடன் அவரை நடு முன்னணியில் நிறுத்தினார். தென் வியட்னாமுக்கு எதிரான அரையிறுதியை நாம் மூன்றுக்கு இரண்டு என்று வென்றோம். ஜர்னைல் சிங் ஒரு கோலும், அணித் தலைவர் சுனி கோஸ்வாமி இரண்டு கோல்களும் போட்டனர்.

இறுதியாட்டத்தில் மீண்டும் தென்கொரியாவே எதிரி. முன்னாள் இரவு ரஹீம் தம் ஆட்டக்காரரைக் கூட்டி, தமக்கு ஒரு பரிசு வேண்டும், அது தங்கப் பதக்கம் என்று கேட்டதாக அவர்கள் பின்னாளில் நினைவுகூர்ந்தனர். மைதானத்தில் எவ்வெவ்வாறு ஆட வேண்டுமென்று பல ஆண்டுகள் கட்டளையிட்டு வந்தவர், அன்றுதான் அவர்களிடம் தமக்கென்று ஒன்றைக் கேட்டார்.

1962 செப்டம்பர் மாதம் 4-ந் தேதி, ஏறக்குறைய ஒரு லட்சம் பேர் கூடியிருந்த மைதானத்தில் நம்மவர் இறங்கினர். கொரியர் உயரப் பந்தடித்துத் தாக்குவதில் வல்லவர். ஆகவே, காய்ச்சலால் இடையில் ஆடாதிருந்த நெடிய உருவினரான பீட்டர் தங்கராஜை ரஹீம் மீண்டும் கோல் காவலராக நிறுத்தினார். நீலகிரி வெல்லிங்டனில் சென்னைப் படைப்பிரிவின் அணியில் ஆடிப் பெயர் பெற்றவர் தங்கராஜ். நம் நாட்டுப் பெயர் ஒலிக்கும்போதெல்லாம் கூட்டம் கூச்சலிட்டது. அக்கூட்டத்தின் நடுவே நம்மவருக்காகக் குரல் கொடுத்தவர் சிலரே. முன்னாள் நம்மைத் தோற்கடித்துத் தங்கம் வென்றிருந்த பாகிஸ்தான் ஹாக்கி அணியினரும் அச்சிலருள் இருந்தனர் என்று ஆட்டக்காரர்கள் பிற்காலத்தில் நன்றியுடன் கூறினர்.

பதினேழாம் நிமிஷத்தில் பி. கே. பானர்ஜி முதற்கோல் போட்டார். மூன்று நிமிஷம் கழித்து ஜர்னைல் சிங் இரண்டாவதைப் போட்டார். ஆட்டம் முடிய ஐந்து நிமிஷம் இருக்கையில் கொரியர் ஒன்று திருப்பினர். அதற்குமேல் தங்கராஜும் காப்பாளரும் இடங்கொடுக்கவில்லை. இரண்டுக்கு ஒன்று என்ற கணக்கில் தங்கம் நமதாயிற்று. ஆசான் கேட்ட பரிசை மாணாக்கர் கொண்டுவந்து கொடுத்தனர்.

மறைவும் அதன்பின்னும்

அதற்குப்பின் ரஹீம் ஓராண்டு முழுவதும் உயிர் வாழவில்லை. 1963-ஆம் ஆண்டு ஜூன் மாதம் 11-ந் தேதி தமது 53-ஆம் வயதில் காலமானார்.

அவரோடு எத்தனை மறைந்தன என்பதைப் பின்வந்த ஆண்டுகள் காட்டின. 1964-இல் ஆசியக் கோப்பையில் இரண்டாம் இடம் பெற்றோம். 1970-இல் பாங்காக் ஆசியப் போட்டியில் வெண்கலம் கிடைத்தது. அவ்வணிக்குப் பயிற்சியளித்தவருள் ரஹீமின் மாணாக்கரான பி. கே. பானர்ஜி ஒருவர்; தலைவர், ஐதராபாத் போலீஸ் அணியில் வளர்ந்த நயீமுத்தீன். 1960-க்குப் பின் நம் ஆடவர் அணி ஒலிம்பிக் களத்தை எட்டவில்லை. 1962-க்குப் பின் ஆசியப் போட்டியில் தங்கமும் பெறவில்லை. ஒருகாலத்தில் இந்திய அணியை ஆட்டக்காரரால் நிரப்பிய ஐதராபாத்தின் ஆட்டமும் மங்கிவிட்டது.

இதற்குக் காரணம் யாது? பணமின்மை, மைதானமின்மை, சங்கங்களின் சச்சரவு என்று பலர் பலவாறு உரைப்பர். அவை ஓரளவு உண்மையே. ஆயினும் வேறொன்றும் உளது என்பது எம் கருத்து. ரஹீமின் முறை அவருடைய நெஞ்சிலும், அவரிடம் பயின்ற சிலருடைய காலிலும் இருந்ததேயன்றி, அவருக்குப்பின் அதனை ஏந்திச் செல்லும் ஒரு பள்ளியாக உருப்பெறவில்லை. ஒரு மனிதரின் ஆற்றலையே நம்பி நாடு இருந்துவிட்டது. அவர் ஏற்படுத்திய சிறுவர் பந்தயங்கள் ஊருக்கு ஊர் நடந்திருக்குமாயின், அவர் மறைவினால் ஆட்டம் மறைந்திராது. பிறரிடத்து இக்குறையைக் காண்பது எளிது. நமது ஊர்ப் பள்ளிகளிலும் நல்ல உபாத்தியாயர் ஒருவர் மாற்றலாகிச் சென்றதும், அவர் வளர்த்த நாடகக் குழுவோ பந்தாட்டக் குழுவோ அடுத்த ஆண்டே கலைந்து போவதை நாம் காண்கின்றோம் அல்லமோ?

வாழ்நாளில் அவருக்கு வந்த கௌரவங்கள் சில. பயிற்சி ஆசான்களுக்கென்று துரோணாச்சாரியர் விருதை அரசாங்கத்தார் ஏற்படுத்தியது 1985-இல் தான். உதைபந்தாட்டத்தில் அதனை முதலிற் பெற்றவர் மேற்சொன்ன நயீமுத்தீன், ஆண்டு 1990. ரஹீமின் வரலாற்றைத் தழுவிய மைதான் என்னும் ஹிந்தித் திரைப்படம் 2024-இல் வெளிவந்தது. அதனைக் கண்ட பின்னரே அவர் பெயரை அறிந்தோர் நம் மாணாக்கருள் பலர்.

மாணவ நண்பர்களே! ரஹீம் சர்வதேச ஆட்டக்காரரல்லர், செல்வருமல்லர். பத்துக் கோல் வாங்கிய நாளில் பிறரைக் குறை கூறாமல் வென்றவனிடம் பாடம் கேட்டார் என்பதும், வாடகைச் சைக்கிளுக்குப் பணம் இல்லாத சிறுவனை வீட்டுக்கு அனுப்பாமல் களத்துக்கு அழைத்தார் என்பதும், உடல் தளர்ந்த காலத்தும் தம் கூட்டத்தை விட்டு அகலவில்லை என்பதும் அவர் செய்தவை. உங்களுள் ஆசிரியராகச் செல்வோர், ஆத்தூரிலோ இராசிபுரத்திலோ பரமத்தியிலோ ஏதேனும் ஒரு பள்ளியில் அமருங்கால், மாலையில் சற்று நேரம் மைதானத்திற்கும் செல்லுங்கள். நன்றாக ஆடும் பையனை எல்லாரும் கவனிப்பர். அவன் இடக்காலையும் பழக்குங்கள். பின், நீங்கள் அவ்வூரை விட்டு நீங்கிய பின்னரும் அங்கே ஆட்டம் நடைபெறுவதற்கு வேண்டிய ஏற்பாட்டையும் செய்து வையுங்கள். ரஹீமுக்கு நாடு செலுத்தத் தவறிய கடன் அதுவே.